அடுப்படியில் ஒரு கல்லூரி

இரவு பத்து மணி. அமெரிக்காவின் ஒஹையோ ராஜ்யத்தில் ஒரு சிறு பட்டணம். முதியோர் இல்லத்தில் பகலெல்லாம் நடமாட முடியாதவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாடு ஊட்டிவிட்டு வீடு திரும்பிய ஒரு பெண், தன் இரண்டு குழந்தைகளையும் தூங்க வைத்த பிறகு, சமையலறை மேஜையின் ஒரு மூலையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறக்கிறாள். அவள் பள்ளிப் படிப்பை முடித்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. இன்று நள்ளிரவுக்குள் ‘குடிப் பழக்கமும் குடும்பமும்’ என்ற விஷயத்தைப் பற்றி முந்நூறு வார்த்தை எழுதி அனுப்பியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள், சக மாணவர்கள் இருவர் எழுதியதைப் படித்து அவர்களுக்குப் பதிலும் எழுத வேண்டும். அந்தச் சக மாணவர்களை அவள் பார்த்ததில்லை. ஆசிரியரையும் பார்த்ததில்லை. தகப்பனாரின் குடியால் சிதறிய வீட்டில் வளர்ந்தவளுக்கு இந்த விஷயத்தைப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், மார்க்கு வேண்டுமானால் புத்தகத்தைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும்!

இவள் தனியொருத்தி அல்ல. இணையத்தின் வழியே இரண்டு வருஷப் பட்டம் ஒன்றைப் படித்து, அதைப் பிடித்துக்கொண்டு சமூக சேவை உத்தியோகத்துக்குப் போய்விடலாம் என்று நம்பும் பலரின் பொதுக் கதை இது. பெயரும் ஊரும்தான் மாறும்.

சமூக சேவை என்றதும், மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கும் மாதர் சங்கத் தலைவியை நினைத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் அது சம்பளம் வாங்கும் உத்தியோகம். வைத்தியர், வக்கீல் மாதிரி, தகுதிச் சான்று இல்லாதவர் அந்தப் பெயரைத் தமக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பல ராஜ்யங்களில் சட்டமே இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படும் கிழவருக்கு யார் துணை என்று பார்ப்பது, அடிபடும் குழந்தையை வீட்டிலேயே விடலாமா கூடாதா என்று நியாய ஸ்தலத்துக்கு அறிக்கை எழுதுவது, போதை மருந்திலிருந்து மீள்கிறவனுக்கு இருக்க இடமும் செய்ய வேலையும் தேடித் தருவது இவையெல்லாம் அந்த உத்தியோகத்தில் அடக்கம். தவறிவிட்டால் ஓர் உயிரே போய்விடக்கூடிய காரியங்கள். ஆகவே படிப்பில் கண்டிப்பு இருப்பதைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கண்டிப்பின் செலவை யார் தலையில் சுமத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இண்டர்மீடியட் போல ஒன்று

இந்த இரண்டு வருஷப் பட்டத்துக்கு ‘அஸோஸியேட்’ பட்டம் என்று பெயர். பழைய தலைமுறை வாசகர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஒரு காலத்தில் நம் கல்லூரிகளில் இண்டர்மீடியட் என்று இரண்டு வருஷ வகுப்பு இருந்தது. அதைத் தேறிய பிறகு இன்னும் இரண்டு வருஷம் படித்தால் பி.ஏ. ஏறக்குறைய அதே அமைப்புத்தான். ஒரு வித்தியாசம்: அமெரிக்காவில் பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு இது ஆரம்பமாகிறது. பாடங்களை ‘கிரெடிட்’ என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட். அஸோஸியேட் பட்டத்துக்கு 60. முழுப் பட்டத்துக்கு 120. அதாவது முதல் படிக்கு இருபது பாடம். ஆங்கிலக் கட்டுரை, மனோதத்துவம், சமூக இயல், புள்ளியியல், உயிரியல், அரசாங்க அமைப்பு என்று பலவும் கலந்து வரும். சமூக சேவைக்கென்றே உள்ள பாடங்கள் அவற்றில் கொஞ்சம்தான்.

இத்தகைய கல்லூரிகள் நேற்று முளைத்தவை அல்ல. இல்லினாய் ராஜ்யத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் முதல் பொது இரண்டு வருஷக் கல்லூரி ஆரம்பமாயிற்று. 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன், இப்படிப்பட்ட கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று சிபாரிசு செய்தது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், குறைந்த சம்பளத்தில், வேலை பார்க்கிறவர்களும் படிக்கக்கூடிய கல்லூரி வேண்டும் என்பது அந்த யோசனை. இன்று அந்தத் தூரமும் இல்லை. கல்லூரி சமையலறை மேஜைக்கே வந்துவிட்டது.

சம்பளக் கணக்கைப் பார்த்தால், ஏழைகள் ஏன் இந்த வழியில் வருகிறார்கள் என்பது விளங்கும். 2024-25-ம் கல்வி ஆண்டில், உள்ளூர் மாணவர் ஒருவர் பொது இரண்டு வருஷக் கல்லூரியில் முழு நேரம் படிக்கச் சராசரிச் சம்பளம் 4,050 டாலர். ராஜ்யத்தின் நான்கு வருஷப் பல்கலைக்கழகத்தில் இதுவே 11,610 டாலர். ஏழை மாணவர்களுக்கு மத்திய சர்க்கார் ‘பெல்’ உதவி என்று ஒன்று தருகிறது. திருப்பித் தர வேண்டாத பணம். அந்த ஆண்டு அதன் உச்ச வரம்பு 7,395 டாலர். ஆகவே முழு உதவி கிடைக்கும் ஏழைக்கு இரண்டு வருஷக் கல்லூரி ஏறக்குறைய இலவசம் என்றே சொல்லலாம். அதோடு பஸ் செலவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டாம். வேலையை விட வேண்டாம்.

மூவாயிரம் டாலர் உயர்வு

இவ்வளவும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் இனிமேல்தான்.

அமெரிக்காவில் சமூக சேவைப் படிப்புக்கு அங்கீகாரம் தரும் சபை 1952-ல் ஏற்பட்டது. அது முழுப் பட்டத்தையும் அதற்கு மேற்பட்ட படிப்புகளையும்தான் அங்கீகரிக்கிறது. இரண்டு வருஷப் பட்டத்தை அது பரிசீலிப்பதே இல்லை. அதாவது அஸோஸியேட் பட்டம் பெற்றவர் சட்டத்தின் கண்ணில் சமூக சேவகி அல்ல. சமூக சேவகிக்கு உதவியாளர். ஒஹையோ போன்ற ஒரு சில ராஜ்யங்கள் அவரை ‘உதவியாளர்’ என்று முறைப்படி பதிவு செய்துகொள்கின்றன. உணவு உதவிக்கும் வைத்திய உதவிக்கும் மனுப் போட வந்தவர்களுக்குப் படிவம் பூர்த்தி செய்து கொடுப்பது, வாடகை வீடு தேடித் தருவது, வீடு வீடாகப் போய்ப் பார்த்து வருவது இவை அவர் வேலை. மரியாதையான வேலை என்பதில் சந்தேகமில்லை. வருமானம்?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகா 2023 மே மாதத்துக்குக் கொடுத்த கணக்கில், நோயாளிகளைப் பராமரிக்கும் ஆயாக்களின் நடுத்தர வருஷச் சம்பளம் 38,200 டாலர். சமூக சேவை உதவியாளர்களுக்கு 41,410. முழுத் தகுதி பெற்ற சமூக ஊழியர்களுக்கு 58,380. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3,210 டாலர்! ஒஹையோப் பெண் பருவத்துக்கு இரண்டு பாடம் வீதம் வருஷத்தில் நான்கு பாடம் படிக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், இருபது பாடம் முடிய ஐந்து வருஷம். ‘இரண்டு வருஷப் பட்டம்’ என்பது விளம்பரத்தில் உள்ள கணக்கு. வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவர் கணக்கு வேறு. ஐந்து வருஷம் நள்ளிரவு வரை கண் விழித்ததற்கு மாதம் இருநூற்றுச் சொச்சம் டாலர் உயர்வு. பெரிய உயர்வு அடுத்த படியில்தான் இருக்கிறது. ஆகவே அடுத்த படிக்கு ஏற முடிந்தால்தான் இந்தப் படிக்கு அர்த்தம் உண்டு.

எத்தனை பேர் ஏறுகிறார்கள்? இரண்டு வருஷக் கல்லூரிகளில் சேருகிற நூறு பேரில் சுமார் எண்பது பேருக்கு முழுப் பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆறு வருஷத்துக்குள் அதை வாங்குகிறவர்கள் சுமார் பதினாறு பேர். இது எல்லாத் துறை மாணவர்களையும் சேர்த்த கணக்கு. சமூக சேவைக்குப் படிக்கிறவர்கள் மட்டும் இதற்கு விலக்கு என்று எண்ணக் காரணம் எதுவும் இல்லை.

பெயரில் இருக்கிறது பொறி

படிப்பில் மட்டமானவர்கள் என்பதால் அவர்கள் விழுந்துவிடுகிறார்கள் என்று நினைத்தால் தவறு. படித்ததே கணக்கில் வராமல் போவதும் ஒரு பெரிய காரணம். அமெரிக்கப் பார்லிமெண்டின் தணிக்கை ஸ்தாபனம் 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறிய மாணவர்கள், அதுவரை சம்பாதித்த கிரெடிட்டில் சராசரி 43 சதவிகிதத்தை இழந்தார்கள் என்று அது மதிப்பிட்டது. நூறு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றி அனுப்பினால், அடுத்த ஊர்க் களஞ்சியத்தில் 57 மூட்டைக்குத்தான் ரசீது தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் இப்படி? அஸோஸியேட் பட்டத்திலேயே இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ‘ஆர்ட்ஸ்’, மற்றது ‘அப்ளைட் சயன்ஸ்’. முதலாவது, நான்கு வருஷக் கல்லூரிக்கு மாறுவதை எண்ணி ஏற்பட்டது. பொதுப் பாடங்கள் நிறைய இருக்கும். இரண்டாவது, படித்து முடித்ததும் நேரே வேலைக்குப் போகிறவர்களுக்காக ஏற்பட்டது. தொழிற் பாடங்கள் நிறைய இருக்கும். இந்த இரண்டாவது பட்டத்துக்குத்தான் பெரும்பாலும் ‘மனித சேவை’ என்று அழகான பெயர் வைத்திருப்பார்கள். சமூக சேவை செய்ய விரும்பும் பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள்? பெயரைப் பார்த்து ‘மனித சேவை’யைத்தான் எடுப்பாள். பேட்டி காண்பது எப்படி, குறிப்பு எழுதுவது எப்படி, நெருக்கடியில் இருப்பவரிடம் பேசுவது எப்படி என்று உபயோகமான பாடங்களாகப் படிப்பாள். பிறகு பல்கலைக்கழகத்து வாசலில் போய் நின்றால், “அவற்றை எங்கள் முறைப்படி இங்கேதான் படிக்க வேண்டும், நீ படித்ததை விருப்பப் பாடக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்” என்று பதில் வரும். எழுதிக்கொள்வார்கள், ஆனால் பட்டத்துக்கு அது உதவாது. பெயர் பொருத்தமில்லாத ‘ஆர்ட்ஸ்’ பட்டம்தான் அவளுக்கு ஏற்ற வழி என்பதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நேரில் போகிற கல்லூரியிலாவது, வராந்தாவில் நிற்கும் சீனியர் மாணவி ஒருத்தி சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டருக்குள் வராந்தா கிடையாது.

நஷ்டம் காலத்தோடு நிற்பதில்லை. பெல் உதவிக்கு ஆயுள் வரம்பு ஒன்று 2012-ல் விதிக்கப்பட்டது. முழு நேரப் படிப்புக் கணக்கில் பன்னிரண்டு பருவங்களுக்கு மேல் யாருக்கும் கிடையாது. வீணாய்ப் போன பாடங்களும் அந்தப் பன்னிரண்டில் கழிந்துவிடும். கடைசி வருஷத்தில் உதவி தீர்ந்து, மாணவி கடன் வாங்கத் தொடங்குகிறாள்.

லாப நோக்குள்ள தனியார் கல்லூரிகள் சிலவற்றில் மாட்டிக்கொண்டவர்கள் பட்ட பாடு இன்னும் மோசம். கொரிந்தியன் என்ற பெரிய கல்லூரி நிறுவனம் 2015-ல் மூடப்பட்டது, ஐ.டி.டி. என்பது 2016-ல். கொரிந்தியனில் படித்த 5 லட்சத்து 60 ஆயிரம் பேரின் 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்வதாக மத்திய சர்க்கார் 2022-ல் அறிவிக்க வேண்டி வந்தது. கடன் போயிற்று. அந்த வருஷங்களை யார் தள்ளுபடி செய்து கொடுப்பது?

சில ராஜ்யங்கள் வழி கண்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 2010-ல் ஒரு சட்டம் செய்து, மாறிப் போவதற்கென்றே தனி அஸோஸியேட் பட்டத்தை ஏற்படுத்தினார்கள். அதை முடித்தவருக்கு ராஜ்யப் பல்கலைக்கழக வரிசையில் ஓர் இடம் நிச்சயம். அதற்கு மேல் 60 கிரெடிட்தான் படிக்கச் சொல்லலாம். சமூக சேவைக்கும் அப்படி ஒரு பட்டம் அங்கே இருக்கிறது. புளோரிடாவில் பொதுக் கல்லூரிகள் அனைத்திலும் ஒரே பாடத்துக்கு ஒரே நம்பர்; இங்கே படித்தது அங்கே செல்லாது என்ற பேச்சுக்கு இடம் குறைவு. பணம் அதிகம் பிடிக்கும் சீர்திருத்தமும் அல்ல இது. இரண்டு கல்லூரிகள் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். அதுதான் கல்லூரிகளுக்குக் கஷ்டமான காரியம் போலும்!

திரையில் வராத பாடம்

சரி, ஒருத்தி எல்லாவற்றையும் தாண்டி முழுப் பட்ட வகுப்புக்கு வந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே இன்னொரு வாசல் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்லூரியானாலும், படிப்பு முழுவதும் இணையத்தில் நடந்தாலும், குறைந்தது 400 மணி நேரம் ஒரு நலவாழ்வு ஸ்தாபனத்தில் நேரில் பழக வேண்டும். முதுநிலைப் பட்டத்துக்கு 900 மணி.

இந்த விதி சரியானதுதான். பசித்த குழந்தையின் தாய் பொய் சொல்கிறாளா, பயப்படுகிறாளா என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கதவைத் திறக்கிற கையில் தெரியும் நடுக்கம், உள்ளே ஒருவர் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்லும் குரல், துவைக்காத துணியின் வாடை இவற்றைத் திரை காட்டாது. சைக்கிள் விடுவதைத் தபாலில் கற்றுக்கொள்ள முடியாது என்ற மாதிரி.

ஆனால் அந்த 400 மணிக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை. வாரம் இரண்டு நாள், நாளுக்கு எட்டு மணி வீதம் போனால் இருபத்தைந்து வாரம். முதியோர் இல்லத்தில் வாரம் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது? இரவில் படிக்கலாம் என்பதால் இணையப் படிப்பில் சேர்ந்தவளைக் கடைசியில் பகலில் வா என்று கூப்பிடுகிறார்கள். நல அலுவலகங்கள் ராத்திரி பத்து மணிக்குத் திறந்திருப்பதில்லையே.

பயிற்சிக்குச் சம்பளம் வேண்டும் என்று மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய இயக்கம் வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியிருக்கிறது. அங்கீகார சபையும் தன் 2022-ம் வருஷ விதிகளில், வேலை பார்க்கும் இடத்திலேயே பயிற்சி பெறுவதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறது. ஆஸ்திரேலியா ஒரு படி முன்னே போயிற்று. 2025 ஜூலை முதல், சமூக சேவை, நர்ஸிங், ஆசிரியப் பயிற்சி மாணவர்களில் வசதி குறைந்தவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் அந்நாட்டு சர்க்காரே வாரம்தோறும் பணம் கொடுக்கிறது.

பயிற்சி வாசலில் வேறொரு முள்ளும் உண்டு. ஸ்தாபனத்துக்குள் விடுமுன் போலீஸ் பதிவுகளைப் பார்க்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன் போதை மருந்து வழக்கில் சிக்கி, பிறகு திருந்தி, தன்னைப் போன்றவர்களுக்கு உதவ வேண்டும் என்பதற்காகவே படிக்க வந்தவன், பாடங்கள் எல்லாம் தேறிய பிறகு இங்கே நின்றுபோகலாம். குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கும் இடத்தில் எச்சரிக்கை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதை முதல் வருஷத்தில் சொல்லலாமே! இரண்டு வருஷக் கல்லூரியிலேயே சமூக சேவைக்கு அறிமுகப் பாடத்தோடு ஒரு ஸ்தாபனத்தில் கொஞ்ச நேரம் தொண்டு செய்யச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. இணையத்தில் படிப்பவர்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம் மிகப் பெரிய உபகாரம். இந்த வேலை தனக்கு ஒத்துவருமா, தன்னை உள்ளே விடுவார்களா என்ற இரண்டையும் சொற்பச் செலவில் தெரிந்துகொள்ளலாம்.

மேலிருந்து வந்தவர்களும் கீழிருந்து வருகிறவர்களும்

இந்தத் தொழில் பிறந்த விதத்தை நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1889-ல் ஜேன் ஆடம்ஸ் என்ற வசதியான குடும்பத்துப் பெண், தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோவின் ஏழைப் பகுதியில் ‘ஹல் ஹவுஸ்’ என்ற இல்லத்தைத் திறந்து அங்கேயே குடியேறினார். பின்னால், 1931-ல், அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. 1898-ல் நியூயார்க்கில் ஆறு வாரக் கோடை வகுப்பாக ஆரம்பித்த சமூக சேவைப் பயிற்சி, இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய பள்ளியாக இருக்கிறது. அந்தக் காற்று இந்தியாவுக்கும் வீசியது. பம்பாயில் 1936-ல் தோன்றிய டாட்டா சமூக சேவைப் பள்ளியின் முதல் தலைவர் கிளிஃபோர்ட் மன்ஷார்ட் என்ற அமெரிக்கர். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952-ல் இதே மாதிரிப் பள்ளி ஏற்பட்டது.

அந்த நாளில் சமூக சேவைக்கு வந்தவர்களில் முக்காலே மூன்று வீசம் பேர் மேலேயிருந்து இறங்கி வந்தவர்கள். சம்பளமில்லாத பயிற்சி அவர்களுக்குப் பாரமாக இருக்கவில்லை. இன்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவள் கீழேயிருந்து ஏறி வருகிறாள். நல அலுவலகத்தில் வரிசையில் நின்றவள் அந்த மேஜைக்கு அப்பால் போய் உட்கார ஆசைப்படுகிறாள். ஏழைகளையே இப்பணிக்குப் பழக்க வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. ஆர்தர் பேர்ல், ஃபிராங்க் ரீஸ்மன் என்ற இருவர் 1965-லேயே ‘ஏழைகளுக்குப் புதிய தொழில்கள்’ என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். உதவியாளராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து, படிப்படியாக மேலே வருவதற்கு ஏணி வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஏணி வந்துவிட்டது, இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் இடையில்தான் ஆள் உயர இடைவெளி. மேலிருந்து வந்தவர்களுக்காக எழுதிய விதிகளைக் கீழிருந்து வருகிறவர்களுக்கும் அப்படியே வைத்திருக்கிறார்கள் என்பதே இதற்குக் காரணம்.

தாண்டிவிட்டால் லாபம் உண்டு. அங்கீகாரம் பெற்ற முழுப் பட்டம் இருந்தால், முதுநிலைப் படிப்பை இரண்டு வருஷத்துக்குப் பதில் சுமார் ஒரே வருஷத்தில் முடிக்கப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. ஆஸ்பத்திரியிலும் மனநோய் நிலையத்திலும் உயர்ந்த உத்தியோகங்கள் முதுநிலைப் பட்டம் உள்ளவர்களுக்குத்தான்.

ஒஹையோப் பெண்ணின் மேஜைக்குத் திரும்பலாம். முந்நூறு வார்த்தையை எழுதி அனுப்பிவிட்டாள், மணி பதினொன்றரை. அந்த ராஜ்யத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பொதுப் பாடங்களில் அங்கீகரிக்கப்பட்ட 36 கிரெடிட் வரை, எந்தப் பொதுக் கல்லூரியில் படித்திருந்தாலும் ராஜ்யத்தின் மற்றப் பொதுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொண்டே தீர வேண்டும். அவளுடைய அறுபதில் முப்பத்தாறுக்கு அவ்வாறு காவல் உண்டு. பாக்கி 24. எட்டுப் பாடம். அந்த எட்டின் பெயரையும் வரிசையாக ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, தான் பின்னால் சேர நினைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் சமூக சேவைப் பிரிவுக்கு ஒரு கடிதம் அடிக்கிறாள்: இவற்றில் எவை பட்டத்துக்குக் கணக்காகும், எவை வெறும் விருப்பப் பாடமாகும், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலேயே பயிற்சி மணிகளைச் செய்யலாமா, பதிலை எழுத்து மூலமாகத் தர வேண்டும். அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.